நேத்து ராத்திரி எப்படி ஆஃப் பண்ணுனீங்க?

பொள்ளாச்சியில் நன்றாக ஓடிய கம்ப்யூட்டர் வால்பாறைக்கு வந்ததும் படுத்துக்கொள்ளும். வால்பாறை பஜாரில் மாடிக்கடை வைத்திருக்கும் அந்த மெக்கானிக்கிடம் வருகிற புகார்களில் இதுதான் மிகப் பழையது. கீழே பொள்ளாச்சிக் கடையில் ஓட்டிக் காட்டித்தான் கொடுத்திருப்பார்கள். வாங்கியவரும் கண்ணால் பார்த்த பிறகுதான் பணத்தை எண்ணிக் கொடுத்திருப்பார். வீட்டுக்கு வந்து ஸ்விட்சைப் போட்டால் ஃபேன் மட்டும் சுற்றுகிறது, மானிட்டரில் ஒன்றுமில்லை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சிலர் அடுத்த பஸ்ஸிலேயே சண்டைக்குக் கிளம்பிவிடுவார்கள். அவர்களை உட்காரவைத்து, கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, ராமைப் பிடுங்கி மறுபடி அழுத்திச் செருகுவார். பல சமயம் அதோடு வேலை முடிந்தது. ஆழியாறைத் தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸின் பின்சீட்டில் அவ்வளவு திருப்பத்தையும் தாங்கி வந்த பெட்டிக்குள் ராம் ஒரு நூலளவு எழும்பியிருக்கும், ஹார்ட் டிஸ்க் கேபிள் நழுவியிருக்கும். ப்ராசஸர் மேல் உட்கார்ந்திருக்கும் ஹீட்சிங்கின் நாலு காலில் ஒன்று கழன்றிருந்தால் மட்டும் கொஞ்சம் விபரீதம். சூடு இறங்க வழியில்லாமல், ஆன் ஆன சில நிமிஷத்தில் மிஷின் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். அதை ‘வைரஸ்’ என்று சொல்லி ஃபார்மேட் செய்யக் கொண்டுவருவார்கள்.

அவர் இந்த மலையிலேயே பிறந்தவர். தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்து, பொள்ளாச்சியில் ரேடியோ, டேப் ரெக்கார்டர் ரிப்பேர் பழகி, கோவை காந்திபுரத்தில் ஆறு மாத ஹார்டுவேர் கோர்ஸ் முடித்துவிட்டு, விண்டோஸ் 98 காலத்தில் கடை போட்டார். ரேடியோ பழகிய கை என்பதால் சால்டரிங் அயர்னை எடுக்கத் தயங்கமாட்டார். ஆனால் எடுப்பதற்கு முன்னால் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. காலையில் கம்ப்யூட்டர் எழவில்லை என்று யார் வந்தாலும், “நேத்து ராத்திரி எப்படி ஆஃப் பண்ணுனீங்க?” என்பார். வந்தவர் முழிப்பார். “நான் ஆன் ஆகலைன்னு சொல்றேன், இவரு ஆஃப் பண்ணுனதக் கேக்கறாரே” என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வார்.

கேள்வியில் விஷயம் இருக்கிறது. ஒரு ஃபைலை ‘சேவ்’ செய்ததும் அது அந்த நொடியே டிஸ்கில் ஏறிவிடுவதில்லை. வேகத்துக்காக விண்டோஸ் அதைக் கொஞ்ச நேரம் ராமில் வைத்திருந்து, வாய்ப்பு வரும்போது எழுதும். ஷட் டவுன் என்பது பாக்கி இருப்பதையெல்லாம் எழுதி, கணக்கை முடித்து, கடையைக் கட்டும் வேலை. நடுவில் கரண்ட்டைப் பிடுங்கினால் எழுதியது பாதி, எழுதாதது பாதி. அந்தப் பாதி யாரோ எழுதிய கடிதமாக இருந்தால் கடிதம் மட்டும் போகும். விண்டோஸின் சொந்த ஃபைலாக இருந்தால் மறுநாள் காலையில் நீலத்திரை வரும்.

விண்டோஸ் 98 இதில் ரொம்பக் கண்டிப்பு. ஒழுங்காக அணைக்காவிட்டால் அடுத்த முறை எழும்போது ஸ்கேன்டிஸ்க்கை ஓடவிட்டு, ‘இனியாவது ஸ்டார்ட் மெனுவிலிருந்து ஷட் டவுன் செய்யுங்கள்’ என்று பாடமும் நடத்தும். 2001இல் எக்ஸ்பி வந்து, டிஸ்க்குகள் என்டிஎஃப்எஸ் முறைக்கு மாறியபின் நிலைமை தேறியது. செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுத்தான் என்டிஎஃப்எஸ் செய்யும். நடுவில் கரண்ட் போனாலும் குறிப்பேட்டைப் பார்த்து டிஸ்க்கின் அமைப்பைச் சீராக்கிக்கொள்ளும். அது காப்பாற்றுவது அமைப்பை மட்டும்தான். உள்ளே இருக்கும் கல்யாண போட்டோவுக்கு அது ஜவாப்தாரி இல்லை.

கரண்ட் போவது வால்பாறையில் புதினமல்ல. ஜூனில் தென்மேற்குப் பருவம் இறங்கினால், தமிழ்நாட்டின் அதிக மழை இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு பக்கமெல்லாம் நாள்கணக்கில் மழை நிற்காது. எங்கோ ஒரு மரம் கம்பிமேல் சாயும். மரத்தை அறுத்து, கம்பியை இழுத்துக் கட்டுவதற்குள் ராத்திரியாகிவிடும். 2012 வாக்கில் தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு வாட்டியதே, அந்த நாள்களில் மழையில்லாமலும் கரண்ட் போனது. அவர் அதிகமாக விண்டோஸ் போட்டுக் கொடுத்த காலம் அதுதான். வீட்டுக்கு வீடு யூபிஎஸ் இருந்தும் பயனில்லை. யூபிஎஸ் வாங்கியவர்கள் அதை விளையாட்டைத் தொடர்வதற்கான சாதனம் என்று நினைத்தார்கள். சாதாரண வீட்டு யூபிஎஸ்ஸில் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் லெட் பேட்டரி. புதிதாக இருக்கும்போது பத்துப் பதினைந்து நிமிஷம் தாங்கும்; அந்த நேரம் சேவ் செய்து அணைப்பதற்கு. இரண்டு மூன்று வருஷம் கழிந்த பேட்டரி, ‘பீப்’ என்று கத்தி முடிப்பதற்குள் கையை விரித்துவிடும். கரண்ட் இருக்கும்போதே மாதம் ஒருமுறை யூபிஎஸ் பிளக்கைப் பிடுங்கி, எத்தனை நிமிஷம் நிற்கிறது என்று பாருங்கள் என்பார். அந்தச் சோதனை நேரத்தில் கம்ப்யூட்டருக்குப் பதிலாக ஒரு குண்டு பல்பை யூபிஎஸ்ஸில் மாட்டச் சொல்வார்.

வீடுகளுக்குப் போய்ப் பார்ப்பது அவருக்குச் சுலபமான வேலையில்லை. உருளிக்கல், பன்னிமேடு, இஞ்சிப்பாறை என்று எஸ்டேட்டுகள் சிதறிக் கிடக்கின்றன. பஸ் எண்ணி வரும். சாயங்காலத்துக்கு மேல் யானை எந்த டிவிஷனில் நிற்கிறது என்று தெரியாமல் கிளம்ப முடியாது. 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தப் பீடபூமியில் யானைகள் நடமாடுவதை எஸ்எம்எஸ் மூலமும், செல்போனால் எரியவைக்கும் சிவப்பு விளக்குகள் மூலமும் சொல்லும் ஏற்பாட்டை நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் 2011இலிருந்து வளர்த்தெடுத்தார்கள். அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு, “நாளைக்கு வர்றேனுங்க” என்று ஒத்திப்போட்ட வேலைகள் நிறைய. அதனால் பாதி ரிப்பேரை போனிலேயே முடிக்கப் பழகிவிட்டார்.

“ஏனுங்ணா, கம்ப்யூட்டர் ஆன் ஆவ மாட்டேங்குதுங்.”

“ஃபேன் சத்தம் கேக்குதுங்களா?”

“கேக்குதுங்.”

“மானிட்டர்ல சின்ன லைட்டு எரியுதே, அது என்ன கலருங்?”

“ஆரஞ்சுங்.”

“சரி, பின்னால நீலத்தலை கேபிளு ஒண்ணு இருக்கும். ரெண்டு பக்கமும் திருகாணிய இறுக்கிப் பாருங். இல்லாட்டி பெட்டிய மட்டும் பஸ்ஸுல ஏத்தி விடுங், மானிட்டரு வேண்டாம்.”

இந்த நாலு வரியில் அவர் தெரிந்துகொண்டது அதிகம். ஃபேன் சுற்றுகிறதென்றால் எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளை உயிரோடு இருக்கிறது. ஆரஞ்சு விளக்கு என்றால் மானிட்டருக்குக் கரண்ட் வருகிறது, படம்தான் வரவில்லை. சந்தேகம் கேபிள், ராம், டிஸ்ப்ளே கார்டு என்று சுருங்கிவிட்டது. ஃபேனும் இல்லை, விளக்கும் இல்லை என்றால் விசாரணை சுவரிலிருந்து தொடங்கும்: பிளக், யூபிஎஸ், பின்பக்கத்துக் குட்டி ஸ்விட்ச். அந்தக் குட்டி ஸ்விட்சைத் துடைக்கும்போது யாரோ தட்டிவிட்டிருப்பார்கள். அதற்காக இருபது கிலோமீட்டர் பெட்டியைத் தூக்கி வந்தவர்களும் உண்டு. விண்டோஸ் லோகோ வரை வந்து நிற்கிறதென்றால் ஹார்டுவேரை விட்டுவிட்டு ஹார்ட் டிஸ்க், டிரைவர், அப்டேட் பக்கம் போவார். பென் டிரைவ் எதையாவது செருகியே வைத்திருக்கிறார்களா என்றும் கேட்பார். எக்ஸ்பி காலத்தில் ‘என்டிஎல்டிஆர் காணவில்லை’ என்று கறுப்புத் திரையில் வந்த எழுத்துகளைப் பார்த்துப் பயந்தவர்களில் பலருக்கு, செருகியிருந்த ஃபிளாப்பியையோ பென் டிரைவையோ உருவியதுமே மிஷின் எழுந்தது.

ராமின் தங்கப் பற்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பஸ் குலுக்காத கம்ப்யூட்டரிலும் வால்பாறையில் ராம் தகராறு வரும். மழை மாதங்களில் அரிசி டப்பாவிலிருந்து அலமாரித் துணி வரை எல்லாம் நமத்துப்போகிற ஊர். அந்த ஈரத்தில் பற்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் படியும். பீப் பீப் என்று விடாமல் கத்தினால் அது ராம். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளை ஊதிவிட்டுச் செருகினால் சரியாகிவிடும். வாரம் பூராவும் தொடாமல் மூடியே வைத்திருக்கும் கம்ப்யூட்டரில்தான் இந்தத் தொல்லை அதிகம். தினமும் ஒரு மணி நேரம் ஓடினால் அதன் சூடே ஈரத்தை விரட்டிவிடும். மிஷினைத் துணி போட்டு மூடிப் பொத்திப் பாதுகாக்கிற வீடுகள்மேல் அவருக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

இதைவிட விசித்திரமானது குளிர்காலத்துப் புகார். ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 அடி உயரம். மார்கழி, தை விடியலில் பட்டனை அழுத்தினால் ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிடும். மறுபடி அழுத்தினால் மறுபடியும் அதே. பத்து, பதினோரு மணிக்கு வெயில் ஏறியதும் ஒன்றும் நடக்காதது போல ஓடும். ஒருமுறை ஓடிவிட்டால் ராத்திரி வரை தொல்லையில்லை. தோட்டத்து ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், தினமும் காலையில் கேபினெட் பக்கத்தில் 100 வாட் பல்பை எரியவிட்டு அரைமணி காத்திருந்துதான் கம்ப்யூட்டரை ஆன் செய்வார். பேரன் கேலி செய்தானாம். பெரியவர் கண்டுபிடித்தது சரியான வைத்தியம், காரணம்தான் அவருக்குத் தெரியவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸிலும் மதர்போர்டிலும் உருளை உருளையாக நிற்கும் கெப்பாசிட்டர்களுக்குள் ஒரு திரவம் இருக்கிறது. வயதாக ஆக அது வற்றி, உள்தடை கூடும். குளிரில் அந்தத் தடை இன்னும் ஏறும். ஆரம்பத்தில் வேண்டிய கரண்ட்டை அது சமாளித்துக் கொடுக்க முடியாமல் போவதால் மிஷின் எழுந்து எழுந்து விழுகிறது. சூடானால் தடை இறங்கும். பெரியவரின் எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்தபோது நான்கு கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது. மாற்றியபின் பல்பு ஓய்வுபெற்றது.

இந்த உப்பல் வியாதி வால்பாறையோடு நின்றதல்ல. 1999இலிருந்து 2007 வரையிலான காலத்தில், தரம் கெட்ட திரவம் நிரப்பிய கெப்பாசிட்டர்கள் உலகமெங்கும் மதர்போர்டுகளில் ஏறிவிட்டன. பழுதான பலகைகளை மாற்றிக் கொடுக்க டெல் நிறுவனம் மட்டும் 2005இல் 30 கோடி டாலர் ஒதுக்கியது. அந்தக் காலத்து மிஷின் இன்னும் எஸ்டேட் வீடுகளில் ஓடுகிறது. இங்கே எதையும் சீக்கிரம் தூக்கிப்போட மாட்டார்கள். ஒரு எச்சரிக்கை இங்கே அவசியம். எஸ்எம்பிஎஸ்ஸை வீட்டில் யாரும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். அவர் திறப்பது, பத்து நிமிஷம் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்தபிறகு.

‘கேபினெட்டைத் தொட்டால் ஜிவ்வுங்குது’ என்பதும் அடிக்கடி வரும். எர்த் இல்லாத இரண்டு துளை பாயின்ட்டில், மூன்று கால் பிளக்கை அடாப்டர் வைத்து மாட்டியிருப்பார்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் முகப்பில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள் உண்டு. எர்த் இல்லாவிட்டால் அவை வழியாக, வருகிற 230 வோல்ட்டில் பாதி பெட்டியின் தகட்டில் வந்து நிற்கும். கரண்ட்டின் அளவு சொற்பம் என்பதால் ஆளைக் கொல்லாது. ஆனால் யூஎஸ்பியில் பிரிண்டரை மாட்டும் நேரத்தில் போர்ட்டைக் கருக்கிவிடும். எர்த் போடுங்கள் என்று சொன்னால், கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்தவன் கரண்ட் வேலை ஏன் பேசுகிறான் என்று பார்ப்பார்கள்.

ஐப்பசி மாதத்து மத்தியான இடி வேறு ரகம். டயல்-அப் நாள்களில் மின்னல், கரண்ட் கம்பியை விட டெலிபோன் கம்பி வழியாகவே அதிகம் உள்ளே வந்தது. மோடம் கார்டு செத்து, கூடவே மொத்த மிஷினையும் எழவிடாமல் பிடித்துக்கொள்ளும். மதர்போர்டு போச்சு என்று கலங்கி வருகிறவர்கள் முன்னால் ஒவ்வொரு கார்டாகக் கழற்றுவார். மோடத்தை உருவியதும் திரை ஒளிரும். எதுவும் புரியாதபோது, வேண்டாததையெல்லாம் கழற்றி, ப்ராசஸர், ஒரே ஒரு ராம், டிஸ்ப்ளே மட்டும் வைத்து எழுப்பிப் பார்ப்பது அவரது வழக்கம். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். எதைச் சேர்த்ததும் படுக்கிறதோ அதுதான் ஆள்.

இடிக்குப் பயந்து தினமும் பிளக்கைப் பிடுங்கிவைக்கும் வீடுகளில் இன்னொன்று நடக்கும். தேதி பத்து வருஷம் பின்னுக்குப் போய், பேங்க் தளம் ‘பாதுகாப்பில்லை’ என்று கதவைச் சாத்தும். அந்தத் தளத்தின் சான்றிதழ், கம்ப்யூட்டரின் தேதிப்படி இன்னும் பிறக்கவே இல்லை. மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 என்ற 3 வோல்ட் காசு பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். பிளக் மாட்டியிருக்கும் வரை கடிகாரம் எஸ்எம்பிஎஸ்ஸின் தயவில் ஓடும்; பிடுங்கினால் பேட்டரியைத் தின்னும். பேட்டரி போனால் போகட்டும், பிளக்கைப் பிடுங்குங்கள் என்பது அவர் கட்சி. மின்னலின் விலையோடு பார்த்தால் சில பத்து ரூபாய் பெரிதில்லை.

அணையாத கம்ப்யூட்டர்கள் தனிக் கூட்டம். ஆரம்பத்தில், பழைய ஏடி வகை கேபினெட்டுகளில், விண்டோஸ் தன் வேலையை முடித்துவிட்டு ‘இப்போது அணைக்கலாம்’ என்று ஆரஞ்சு எழுத்தில் காட்டும். ஸ்விட்சை நாம்தான் அமுக்க வேண்டும். 1995இல் வந்த ஏடிஎக்ஸ் முறை அந்த வேலையை மதர்போர்டிடம் கொடுத்தது. சுகமும் வந்தது, கோளாறும் வந்தது. எக்ஸ்பியில் ஷட் டவுன் கொடுத்தால் ரீஸ்டார்ட் ஆகிறது என்று ஓயாமல் வருவார்கள். அணைகிற நேரத்தில் ஏதோ ஒரு டிரைவர் கவிழ்ந்து நீலத்திரை வந்திருக்கும். கோளாறு வந்தால் தானாக ரீஸ்டார்ட் செய் என்ற டிக் ஏற்கெனவே போடப்பட்டிருப்பதால், திரை கண்ணில் படுவதற்குள் மிஷின் மறுபடி எழுந்துவிடும். டிக்கை எடுத்தால் நீலத்திரை நின்று, குற்றவாளி டிரைவரின் பெயரையும் பல சமயம் காட்டிக்கொடுக்கும். பழைய பிரிண்டர், ஸ்கேனர், வெப்கேம் டிரைவர்கள் பலமுறை மாட்டியிருக்கின்றன.

2003 ஆகஸ்ட்டில் நடந்ததை இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார். பிளாஸ்டர் என்ற புழு உலகம் முழுக்கப் பரவிய மாதம். போன் கம்பியில் இன்டர்நெட் மாட்டிய சில நிமிஷத்தில், ‘இன்னும் 60 நொடியில் கம்ப்யூட்டர் அணையும்’ என்று ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓட ஆரம்பிக்கும். மைக்ரோசாஃப்ட் ஜூலையிலேயே பேட்ச் வெளியிட்டிருந்தது. அதை டவுன்லோடு செய்ய டயல்-அப்பில் 60 நொடி எந்த மூலைக்கு? ரன் பெட்டியில் ‘ஷட்டவுன் -ஏ’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் அந்தக் கடிகாரம் நின்றுவிடும். அதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பினார். சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறார்.

பிறகு லேப்டாப் காலம். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியதும், கம்ப்யூட்டரையே பார்த்திராத லைன் வீடுகளுக்குள் அது பிள்ளைகளின் பையில் வந்து இறங்கியது. அவற்றில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. ஆன் செய்தால் எது வேண்டும் என்று கேட்கும். ஒரு பிளஸ் டூ பையன் சினிமா வைக்க இடம் போதாமல், விண்டோஸுக்குள்ளிருந்தே லினக்ஸ் இருந்த பாகத்தை அழித்துவிட்டான். அன்று ராத்திரி வரை படம் ஓடியது. மறுநாள் காலையில் கறுப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்ற எழுத்தோடு நின்றுவிட்டது. எதை எழுப்புவது என்று கேட்கும் வாசல்காரன் லினக்ஸ் பாகத்தில்தான் குடியிருந்தான். “அண்ணே, அப்பாட்ட சொல்லாதீங்கண்ணே” என்று வந்த பையனுக்கு, விண்டோஸ் டிஸ்க்கைப் போட்டு பூட் பகுதியை மட்டும் திரும்ப எழுதிக் கொடுத்தார். ஒரு ஃபைல்கூடப் போகவில்லை. அடுத்த வாரம் அதே பள்ளியிலிருந்து வேறு சிலர் அதே எழுத்துகளோடு வந்து நின்றார்கள்.

லேப்டாப் ஒரேயடியாகச் செத்தது போல் கிடந்தால், சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்திருந்து, சார்ஜரை மட்டும் மாட்டிப் பார்க்கச் சொல்வார். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்து, பவரைக் கவனிக்கும் சிப் புதிதாகத் தொடங்கும். இதை போனிலேயே சொல்லிக் காசு வாங்காமல் விட்டவை அதிகம் என்று அவர் மனைவிக்கு வருத்தம்.

ராத்திரி இரண்டு மணிக்குத் தானாக எரியும் கம்ப்யூட்டர் ஒன்றும் இருந்தது. மகன் துபாயில், தாய் தனியாக வீட்டில். பூட்டிய அறையில் ஃபேன் சத்தமும் வெளிச்சமும். பூசாரியைக் கூப்பிட்டுக் கயிறு கட்டிய பிறகே மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். எல்லா ராத்திரியும் எரியவில்லை என்பது அவருக்கு முதல் துப்பு. கரண்ட் போய் வந்த ராத்திரிகளில் மட்டும் எரிந்தது. கரண்ட் திரும்பியதும் ஆன் ஆகு என்ற அமைப்பு பயாஸில் போடப்பட்டிருந்தது. மகன் துபாயிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரைப் பார்ப்பதற்காக எப்போதோ வைத்தது. அணைந்தே இரு என்று மாற்றினார். அம்மா கயிற்றை அவிழ்க்கச் சம்மதிக்கவில்லை.

2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து அவரது பழைய கேள்விக்கு ஒரு வால் முளைத்தது. சீக்கிரம் எழுவதற்காக, ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் உட்கரு முழுதாக அணையாமல் டிஸ்க்கில் எழுதப்பட்டுத் தூங்குகிறது. “தெனமும் ஆஃப் பண்றனுங்” என்பார்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் பன்னிரண்டு நாளாக விழித்திருப்பதாகக் காட்டும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுசாக அணைந்து எழும், இல்லையென்றால் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுக்க வேண்டும். விசித்திரமான பல கோளாறுகளுக்கு, பழைய டிரைவர் உள்ள மிஷின்களில் அந்த வேகத் தொடக்கத்தையே நிறுத்திவிடுவார்.

இப்போது அவர் மேஜையில் நிற்பவை பெரும்பாலும் விண்டோஸ் 10 மிஷின்கள். அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 சிப்பும் புதிய ப்ராசஸரும் இவற்றில் இல்லை. புதிது வாங்க முடிகிறவர்கள் வாங்குகிறார்கள். மற்றவர்களுக்கு ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி மாட்டி, சிலருக்கு லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுக்கிறார். எழுவதற்கு மூன்று நிமிஷம் எடுத்தது அரை நிமிஷத்துக்குள் எழுகிறது என்று அவர்களுக்குச் சந்தோஷம். அவர் கவனித்தது வேறு. அணைவதும் இப்போது சில நொடியில் முடிகிறது. முன்பெல்லாம் ‘ஷட்டிங் டவுன்’ என்று வட்டம் சுற்றிக்கொண்டே இருக்க, பஸ்ஸுக்கு நேரமாகி, பொறுமையில்லாமல் சுவர் ஸ்விட்சைத் தட்டிவிட்டுப் போனவர்கள் இந்த வீடுகளில்தான் இருந்தார்கள். எஸ்எஸ்டி மாட்டிய வீடுகளிலிருந்து, காலையில் எழவில்லை என்று வரும் போன் குறைந்துவிட்டது. இப்போது அங்கிருந்து வருவதெல்லாம் யூபிஎஸ் கத்துகிறது என்ற போன்தான், அதற்கு அவர் பதில், “பேட்டரி வாங்கி எத்தன வருஷமாச்சுங்?”